அடுப்பருகே நின்றவரின் பங்கு

 

நம் கடற்கரை ஊர்களின் மாலை நேர மணம் மாறிவிட்டது. முன்பெல்லாம் அஸர் தொழுகை முடிந்து கடைவீதி வழியாக நடந்தால் வடையும் சமோசாவும் பொரியும் வாசனை வரும். திருமண வீடு இருக்கும் தெருவாக இருந்தால் பண்டாரியின் அண்டாவிலிருந்து களறிக் கறியின் மணம் தெருமுனை வரை வந்து அழைக்கும். இன்றோ மஃக்ரிப் பாங்கு ஒலிக்கும் வேளையில் சாலையோரங்களில் கரிப்புகை எழத் தொடங்குகிறது. பார்பிக்யூ, அல்ஃபாம், மந்தி என்று பல வண்ண விளக்குப் பலகைகள் ஒளிர்கின்றன. சிற்றூர் என்று சொல்லத்தக்க இடங்களில்கூட இப்படி ஒன்றிரண்டு கடைகளைக் காண முடிகிறது.

இவற்றை நம் ஊர்களுக்குக் கொண்டுவந்தவர்களுள் வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பிய நம் பிள்ளைகளும் உண்டு. 'அல்ஃபாம்' என்று நாம் எழுதும் சொல் அரபியில் 'அல்ஃபஹ்ம்'. கரி என்பதே அதன் பொருள். கரியில் சுட்ட கோழிக்குக் கரியின் பெயரே நிலைத்துவிட்டது. மந்தி யமன் நாட்டு ஹளரமவ்த் பகுதிக்குரிய உணவு. பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியுமாக அது வரும்போது நம் முதியோர் வியப்பதில்லை. ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

நெருப்பில் சுட்ட இறைச்சிக்கும் நம் மார்க்க வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் இல்லத்திற்கு விருந்தினர் வந்ததையும், அவர்கள் தாமதியாமல் சுட்ட கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து வைத்ததையும் ஹூத் அத்தியாயம் (11:69) கூறுகிறது. அதே நிகழ்வைக் கூறும் தாரியாத் அத்தியாயம் (51:26, 27) அவர்கள் ஓசையின்றித் தம் வீட்டாரிடம் சென்றதையும், தாமே உணவைக் கொண்டுவந்து விருந்தினரின் அருகில் வைத்ததையும் சொல்கிறது. விருந்தோம்பலின் ஒழுக்கங்களை இந்த வசனங்களைக் கொண்டே அறிஞர்கள் விளக்குவர்.

அந்த நிகழ்வில் நாம் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. விருந்தின்போது இப்ராஹீம் (அலை) அவர்களின் துணைவியார் நின்றுகொண்டிருந்தார் என்று குர்ஆன் குறிப்பிடுகிறது (11:71). விருந்தினருக்குப் பணிவிடை செய்தவாறு நின்றிருந்தார் என விரிவுரையாளர்கள் சிலர் இதற்கு விளக்கம் தருகின்றனர். வந்தவர்கள் வானவர்கள், உணவை அவர்கள் தொடவில்லை. ஆனால் அவர்கள் கொண்டுவந்த நற்செய்தி, இஸ்ஹாக் (அலை) என்னும் மகன் பிறப்பார் என்ற நற்செய்தி, நின்றுகொண்டிருந்த அந்த அம்மையாருக்கே சொல்லப்பட்டதாக அதே வசனம் கூறுகிறது. அமர்ந்திருப்போரின் விருந்தில் நின்றுகொண்டிருப்பவரை அல்லாஹ் மறக்கவில்லை என்றே இந்த வசனத்தை ஓதும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இதை இங்கே எழுதக் காரணம், சென்ற மாதம் என் குடும்பத்தோடு உண்ட ஓர் இரவு உணவு.

என் இளைய மகள் குர்ஆனை முழுமையாக ஓதி முடித்தாள், அல்ஹம்துலில்லாஹ். பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டபோது, சற்றும் யோசிக்காமல் "பார்பிக்யூ" என்றாள். என் தாயாருக்கு இதில் உடன்பாடில்லை. "வீட்டுல அடுப்பு எரியாத மாதிரி எல்லாரும் கெளம்பிக் கடைக்குப் போறதா?" என்றார்கள். அவர்களுக்கு வயது 72. உணவகத்தில் அமர்ந்து உண்ட வழக்கமே அவர்களுக்குக் கிடையாது. "ஓதி முடிச்சது நான், வாப்பும்மா வரலன்னா நானும் போகல" என்று பேத்தி சொன்ன பிறகே துப்பட்டியை எடுத்தார்கள்.

காயல்பட்டினத்திலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் இருக்கும் சிறிய கடை அது. முன்புறம் நான்கு மேசைகள். உட்புறம் குடும்பத்தினருக்காகத் திரையிட்ட இரண்டு அறைகள். கோழியை அறுப்பவர் யார், எங்கிருந்து வாங்குகிறார்கள் என்பதை உரிமையாளரிடம் முன்பே விசாரித்து அறிந்திருந்தேன். இப்படி விசாரிப்பதற்கு நாம் கூச்சப்படலாகாது. ஹலால் என்பதோடு தய்யிப், அதாவது தூய்மையானது, நல்லது என்பதையும் சேர்த்தே குர்ஆன் வலியுறுத்துகிறது (2:168). 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்த துயரத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததையும் அறிவோம். முறையாக அறுக்கப்பட்ட கோழியாக இருந்தாலும், எலும்பருகே வேகாமல் இளஞ்சிவப்பாக இருந்தால் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அந்த வகையில் பார்த்தால் அடுப்பருகே நிற்பவரின் பொறுமை ஓர் அமானிதம். அவர் அவசரப்பட்டால் உண்பவர் நோயுறுவார்.

அந்தக் கடையில் அடுப்பு சாலையைப் பார்த்தவாறு வெளியே இருந்தது. இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் அதன்முன் நின்றிருந்தார். மசாலாவில் ஊறிய கோழிகளை இரட்டைக் கம்பி வலைக்குள் வைத்து இறுக்கி, கரியின்மேல் கிடத்தி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தார். கொழுப்பு கரியில் சொட்டும்போதெல்லாம் தீ நாக்கு நீட்டும். உடனே வலையைத் தூக்கிப் பிடித்து, சிறிது நீர் தெளித்து அடக்குவார். அனலைக் கிளறுவதற்காக வைத்திருந்த மின்விசிறி புகையை அவர் முகத்தின் மீதே திருப்பிக்கொண்டிருந்தது.

அந்தக் கரியும் வேறொருவர் புகையில் நின்று உண்டாக்கியதுதான். நம் தூத்துக்குடி மாவட்டத்திலும் அண்டையிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்திலும் சீமைக்கருவேல மரங்களை வெட்டி, அடுக்கி, மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடுகிறார்கள். நாட்கணக்கில் அது உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கும். வெடிப்பு விட்ட இடத்தை உடனே அடைக்காவிட்டால் கரி சாம்பலாகிவிடும் என்பதால் இரவிலும் ஒருவர் காவல் இருக்க வேண்டும். நம் தட்டுக்கு வரும் ஒரு கோழித்துண்டுக்குப் பின்னால் இத்தனை பேரின் வெப்பம் இருக்கிறது.

தாம்பாளம் வந்தது. என் தாயார் வீட்டில் செய்வதைப் போலவே பங்கிடத் தொடங்கினார்கள். தொடைக்கறி பேத்திக்கு; நெஞ்சுக்கறி பேரனுக்கு; அடுத்தது எனக்கு; அடுத்தது மருமகளுக்கு. இறக்கையின் நுனியைத் தம் பக்கம் ஒதுக்கிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து அமர்ந்து உண்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வழக்கமாக்கிவிட்டோம். ஆனால் உம்மாவை மட்டும் எங்களால் அசைக்க முடிந்ததில்லை. "எல்லாரும் சாப்பிட்டு எழும்புறதப் பாத்தாத்தான் எனக்குத் தொண்டையில எறங்கும்" என்பார்கள். ஊதாங்குழலால் விறகடுப்பை ஊதிய காலம் தொட்டு, மரத்தூள் அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, எரிவாயு அடுப்பு என்று அடுப்புகள் மாறின. அவர்களின் அந்த வரிசை மட்டும் மாறவில்லை. எதையாவது எடுத்து வருவதாகச் சொல்லி அடுப்படிக்குள் போய்விடுவார்கள்.

அன்றும் எழ முயன்றார்கள். என் மகள் சிரித்துவிட்டாள். "வாப்பும்மா, இங்க எழும்பிப் போறதுக்கு அடுப்படி இல்லையே!"

உம்மாவும் சிரித்தார்கள். வேறு வழியின்றி பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார்கள். சிறிது நேரம் மென்றார்கள். பிறகு, யாரிடமும் சொல்லாததுபோல், "சுடச்சுட இருக்குதே" என்றார்கள்.

அதன்பின் எங்கள் அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நெருப்பருகே நின்று பிறருக்குச் சூடாகப் பரிமாறியவர் அவர். அடுப்பிலிருந்து இறங்கிய உணவின் சூடு அவருக்கு வியப்பாக இருக்கிறது! அன்பர்களே, இது என் தாயாரின் கதை மட்டுமன்று. உங்களில் பலருடைய தாய்மாரின் கதையும் இதுவே.

அடுத்து உம்மா கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "இதச் சுட்டது வெளிய நிக்கிற அந்தப் புள்ளதானே வாப்பா? அவன் சாப்பிட்டானா?"

தமக்கென்று என் மனைவி எடுத்து வைத்த தொடைக்கறியையும் இரண்டு குப்பூஸையும் ஒரு தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார்கள். நான் வெளியே சென்று உரிமையாளரிடம் சொன்னேன். "இங்க எல்லாருக்கும் சாப்பாடு உண்டு, உஸ்தாத். கூட்டம் முடியணும், பன்னிரண்டு மணி ஆயிரும்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. சனிக்கிழமை இரவு, வாசலில் ஆட்கள் காத்திருந்தனர். ஆனால் என் கையிலிருந்த தட்டைப் பார்த்தவர் என்ன நினைத்தாரோ, சட்டைக் கையை மடித்துவிட்டு இளைஞரிடமிருந்து இடுக்கியை வாங்கிக்கொண்டார். "தம்மாமில ஒம்பது வருசம் நானும் இந்த அடுப்புலதான் நின்னேன். அங்க ஒரு வயசாளி அரபி வருவார். சாப்பாட்ட வாங்குனதும் மொதல்ல ஒரு துண்டப் பிச்சு என் கையில தந்துட்டுத்தான் போவார்" என்றார்.

அந்த இளைஞர் பத்து நிமிடம் நாற்காலியில் அமர்ந்து உண்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில் பேசிப் பார்த்தேன். மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டம். ஊரில் நோயுற்ற தாய். இரண்டு ஆண்டுகளாக நேரில் பார்க்கவில்லை. கடந்த ரமளானில் நோன்பு வைத்துக்கொண்டே அஸருக்குப் பின் அடுப்பை மூட்டிவிடுவாராம், இஃப்தாருக்கு வாங்க வருவோருக்காக. முன்கைகளில் சூடுபட்ட தழும்புகள் இருந்தன. கஞ்சி வடிக்கும்போது பட்ட அதே போன்ற தழும்பு உம்மாவின் கையிலும் உண்டு. கிளம்பும் முன் திரைக்கு வெளியே நின்று உம்மாவுக்கு ஸலாம் சொன்னார். "நல்லா இரு வாப்பா, ஒன் உம்மாவ அல்லாஹ் சொகமாக்கித் தருவான்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. தமிழ் அவருக்குப் புரிந்திருக்காது. துஆ என்று மட்டும் புரிந்துகொண்டு "ஆமீன்" என்றார்.

என் தாயார் ஹதீஸ் நூல்களைப் பயின்றவர் அல்லர். ஆனால் அன்று அவர் கேட்டது, நம் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த ஒன்றையே. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. அதன் கருத்து இதுதான்: ஒருவருடைய பணியாளர் உணவு சமைத்துக் கொண்டுவந்தால், அவரையும் தம்முடன் அமர்த்தி உண்ணச் செய்ய வேண்டும், உணவு குறைவாக இருந்தால் ஓரிரு கவளமாவது அவர் கையில் கொடுக்க வேண்டும். இதற்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. அந்த உணவின் வெப்பத்தையும் புகையையும் தாங்கியவர் அவரே என்பதை முஸ்லிம் நூலின் அறிவிப்பு எடுத்துச் சொல்கிறது.

இங்கே அவர் ஏழை என்பதற்காகக் கொடுக்கச் சொல்லவில்லை. பசியோடிருக்கிறார் என்பதும் காரணமாகக் கூறப்படவில்லை. வெப்பமும் புகையும் அவர் மீது பட்டன. ஆகவே அந்த உணவில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தர்மம் கொடுப்பவர் மேலே நிற்கிறார், பெறுபவர் கீழே நிற்கிறார் என்று மனம் எண்ணக்கூடும். உரிய பங்கைக் கொடுக்கும்போது அந்த எண்ணத்திற்கு இடமில்லை. பணியாளருக்கே இந்த உரிமை என்றால், கூலி ஏதும் பெறாமல் ஆயுள் முழுதும் நமக்காக அடுப்பருகே நிற்கும் தாய்க்கும் மனைவிக்கும் சகோதரிக்கும் எவ்வளவு உரிமை இருக்கும்!

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தைப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் எலும்பிலிருந்து இறைச்சியைக் கடித்துவிட்டுக் கொடுத்தால், அவர்கள் வாய் வைத்த அதே இடத்தில் தம் வாயை வைத்து நபியவர்கள் உண்பார்கள் என்று முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. மனைவி கடைசியில் மிஞ்சியதை உண்ட இல்லமன்று அது. ஒரே எலும்புத் துண்டை இருவரும் பகிர்ந்துகொண்ட இல்லம். வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவுவார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றும் அன்னையவர்கள் அறிவித்துள்ளார்கள். பெண்கள் பிந்தி உண்பது நம் வட்டார வழக்கமாக இருக்கலாம். அதை மார்க்கத்தின் பெயரால் யாரும் காக்க முடியாது.

ஆகவே, குடும்பத்தோடு வெளியே உண்ணச் செல்வோருக்குச் சில வேண்டுகோள்கள். உணவு தாமதமானால் பணியாளரிடம் குரலை உயர்த்தாதீர்கள். கோழி வேக வேண்டிய நேரம் அதற்கு வேண்டும். சுவை குறைந்தால் பழித்துப் பேசாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விருப்பமானால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். அடுப்பில் நிற்பவரிடம் ஒரு ஸலாம் சொல்லுங்கள். வேறு சமயத்தவராயின் ஒரு நன்றி சொல்லுங்கள். முடிந்தால் அவருடைய பங்கையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று எங்கள் ஐவருக்கும் ஆன செலவு 1,480 ரூபாய். அதில் ஒரு துண்டு யாருக்கும் சுமையாகாது. இத்தகைய கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுப்பில் நிற்பவருக்கு நள்ளிரவு வரை காத்திருக்காமல் நடுவில் பத்து நிமிடம் கொடுங்கள். அவர் சுடும் உணவை அவரும் சூடாக உண்ணட்டும்.

வீட்டிலோ செய்ய வேண்டியது இன்னும் எளிது. எல்லாவற்றையும் சஹனில் எடுத்து வைத்து, அடுப்பை அணைத்த பிறகே யாவரும் அமர்வது. தண்ணீர், உப்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் பிள்ளைகளே முன்கூட்டி எடுத்து வருவது. சமைத்தவர் முதல் கவளத்தை எடுக்கும் வரை மற்றவர்கள் காத்திருப்பது. ஆண் பிள்ளைகளுக்கு இதைச் சிறு வயதிலேயே பழக்கினால், நாளை அவர்களின் வீட்டில் ஒரு பெண் ஆறிய சோற்றை உண்ண வேண்டியிராது.

எங்கள் வீட்டில் இப்போது இதை என் மகள் பொறுப்பேற்றிருக்கிறாள். எல்லோரும் உட்கார்ந்ததும் எழுந்து போய் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வருகிறாள். உம்மா இப்போதெல்லாம் எங்களோடு அமர்கிறார்கள். ஆனாலும் தொடைக்கறியைப் பேத்தியின் பக்கம் தள்ளிவிடுவதை நிறுத்தவில்லை. அவள் அதைத் திருப்பித் தள்ளுகிறாள். சில நாட்கள் உம்மா வெல்கிறார்கள்; சில நாட்கள் அவள் வெல்கிறாள்.

வல்ல ரஹ்மான், நமக்கு உணவளிப்பதற்காக வெப்பத்தையும் புகையையும் தாங்கும் அனைவருக்கும் நல்வாழ்வைத் தருவானாக! அவர்களுக்குரிய பங்கை அறிந்து கொடுக்கும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்குவானாக! நம் தாய்மார்களின் கண்களில் பட்ட புகைக்கு ஈடாக மறுமையில் அந்தக் கண்களைக் குளிரச் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.